கஸ்தோனின் துவக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேட்டைக்கு வா என்று ஒருவன் கூப்பிட்டால், கையில் துவக்கும் தருவான் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. நித்திரை கொள்ளாமல், சாப்பாடு இறங்காமல், கிழமைக் கணக்காக நம்பினேன்.

போன கிழமை இந்தப் பத்தியில் நான் கார் ஓட்டப் பழகிய கதையை வாசித்துவிட்டு, "நீர் எதுக்குத்தான் பயப்படேல்லை?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே இந்தக் கிழமையும் பயம்தான்.

கனடாவில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டு ஹோல். ஒக்டோபர் மாதத்துப் பின்னேரம். நிலம் முழுக்கச் சாமான். உருட்டிக் கட்டுகிற படுக்கைப் பை, கம்பளிக் காற்சட்டை, முழங்கால் வரை ஏறும் றப்பர் சப்பாத்து, ரோச் லைற், தைலப் போத்தல், தலையிடிக் குளிசை, விபூதிச் சரை. குசினிக்குள் வசந்தி மிளகாய்த்தூளுக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். மல்லியும் சோம்பும் வறுபடுகிற வாசம் திரைச்சீலை வரைக்கும் ஏறியிருந்தது.

நடுவில் நான் குந்தியிருந்து, ஒரு குறையும் இல்லாத என் வலது கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வசந்தி அகப்பையோடு வந்து நின்றாள்.

"என்னப்பா, கைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாத கைக்கு ஏன் கட்டு?"

"இனித்தான் சுளுக்கப் போகுது."

அவள் என்னைப் பார்த்த பார்வையைக் கலியாணம் கட்டியவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. கட்டாதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது.

மைக்ரோவேவும் நட்பும்

அந்த நாட்களில் எனக்கு லொங்குய்யில், ஜன்னல் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. மத்தியானச் சாப்பாட்டு அறையில் ஒரேயொரு மைக்ரோவேவ். அதற்குள் என் மீன்குழம்பு சுழலத் தொடங்கினால் அறையில் பாதிப்பேர் வெளியே புகைக்கப் போய்விடுவார்கள். புகைக்காதவர்களும் போவார்கள்.

போகாமல் இருந்தவன் ரெஜான். எங்கள் பகுதிக்கு மேற்பார்வையாளன். நல்ல உயரம், வெள்ளை மீசை, குரல் மட்டும் மரம் அறுக்கிற மெசின். ஒருநாள் என் பக்கத்தில் வந்து குந்தி, தன் பாணைப் பிய்த்து என் குழம்பில் தோய்த்தான். கண் கலங்கியது. மூக்கைத் துடைத்தான். திரும்பவும் தோய்த்தான்.

அன்று தொடக்கம் அவனுடைய கதிரை என் கதிரைக்குப் பக்கத்தில். வசந்தி அவனுக்கென்று தனியாக மட்டன் ரோல் சுற்றிவிடுவாள். நான் அதை நட்பு என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன் வந்து குந்தினால் முதுகெலும்பு ஒரு அங்குலம் வளரும். எனக்கு இரண்டு வளர்ந்தது.

ஒரு செப்டம்பர் மத்தியானம் ரோலைக் கடித்தபடி கேட்டான்.

"கஸ்தோனுக்கு முழங்காலில் ஒப்பரேசன். இந்த முறை வரமாட்டான். அவன்ரை இடத்துக்கு நீ வாறியா? மூஸ் மான் வேட்டை. வடக்கே, ஒரு கிழமை."

கஸ்தோனை நான் தொழிற்சாலைக் கிறிஸ்மஸ் விருந்தில் ஒருமுறை கண்டிருக்கிறேன். நெஞ்சு வரை தாடி. மண்வெட்டி போலக் கை. காட்டுக்குள் அவன் தும்மினாலே ஏதாவது செத்துவிழும் என்று நினைக்கவைக்கிற உருவம். அப்படிப்பட்டவனின் இடம் என்றால் அப்படிப்பட்டவனின் துவக்கு. அந்தத் துவக்கைப் பிடிக்க, இத்தனை பேர் இருக்க, ரெஜான் என்னைக் கேட்கிறான் என்றால் என் கண்ணில் எதையோ கண்டிருக்கிறான்.

வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் அந்தக் கண்ணைத் தேடிப் பார்த்தேன். ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்க்கும்போது கொஞ்சம் தெரிந்தது.

என் வேட்டை அனுபவத்தையும் சொல்லவேண்டும். சின்ன வயதில் கெற்றப்போலால் ஓணானுக்குக் குறிவைத்துக் கல் அடித்தேன். கல் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட அதிபரின் சைக்கிள் முன்சில்லில், அவர் ஓடிக்கொண்டிருந்தபோது, கம்பிகளுக்குள் போய் மாட்டியது. ஓணான் தலையை ஆட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

பங்கு

வெள்ளிக்கிழமை சென்-ரெஜிஸ் தெரு முருகன் கோயிலில், பூசை முடிந்து அன்னதானத்துக்குக் குந்தியிருந்தபோது, சும்மா காற்று வாக்கில் சொன்னேன்.

"அடுத்த மாசம் வேட்டைக்குப் போறன். மூஸ்."

சோறு எடுத்த கைகள் அந்தரத்தில் நின்றன.

எங்கள் ஆட்களுக்குத் தீபாவளி என்றால் வெடியோ வெளிச்சமோ அல்ல. இறைச்சிப் பங்கு. நாலைந்து வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு கிடாயைப் பிடித்து, எலும்பு, ஈரல், சதை என்று கண்ணளவில் கூறு போட்டு, ஆருடைய கூறு பெரிது என்று வருசம் முழுக்க மனசுக்குள் வைத்திருப்பார்கள். கனடாவுக்கு வந்தும் அது போகவில்லை. கடைக்காரன் எல்லாருக்கும் ஒரே மாதிரி நிறுத்துத் தருவதால் கோபித்துக்கொள்ள வழியில்லாமல் சனம் வாடிப்போயிருந்தது.

அன்றைக்கு நான் வழி காட்டினேன். முருகன் சந்நிதியில், மரக்கறிச் சோற்றுக்கு முன்னால், உயிரோடு காட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மிருகத்தை எட்டு வீட்டுக்குப் பங்கு போட்டோம். எனக்கு மூஸ் என்றால் ஊர் மரை அளவு என்ற எண்ணம். அது எங்கள் வான் வண்டியைவிட உயரம் என்று அப்போது எனக்கு ஆரும் சொல்லவில்லை.

வசந்தியின் அண்ணன் தேவன் மச்சான் ஈரலுக்குச் சொல்லிவைத்தான். எதிர்வீட்டு அந்தோனிப்பிள்ளை அண்ணை மன்னார்க்காரர், தீபாவளியோடு சம்பந்தமில்லாத வேதக்காரர். விசயம் தெரிந்து அவரும் றோட்டைக் கடந்து வந்தார்.

"தம்பி, எனக்குத் தலை. சூப்புக்கு."

"கொம்போடையோ அண்ணை, கொம்பில்லாமலோ?"

"கொம்பை நீர் வைச்சுக்கொள்ளும். உமக்குத் தேவைப்படும்."

மச்சான் கேட்ட கேள்வி

தேவன் மச்சான் ரொக்ஸ்பரோவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தான். மேற்குப் பக்கத்துத் தமிழருடைய அகதி விண்ணப்பமெல்லாம் நிரப்பிக் கொடுத்தவன் அவன்தான். ஆருடைய கேஸ் எப்படிப் போனது, எந்த அதிகாரி தும்மினார் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஈரலுக்குச் சொல்லிவிட்டுப் போனவன் அடுத்த ஞாயிறு முகம் கறுத்து வந்தான்.

"மச்சான், நீ அங்கை துவக்கைத் தொடப் போறியோ?"

"தொடாமல்? மூஸை என்ன கூப்பிட்டே பிடிக்கிறது?"

"கேஸ் குடுக்கேக்கை நீ என்ன சொன்னனீ?"

வந்த புதிதில் ஒரு அறையில், மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கத்தில் இருந்து நான் சொன்ன முதல் வசனங்களில் ஒன்று: என் வாழ்க்கையில் ஒரு ஆயுதத்தையும் தொட்டதில்லை. அது உண்மை. என் கேஸில் சோடனை இல்லாத ஒரே வசனம் அதுதான் என்று மச்சான் சொல்லுவான்.

"சிற்றிசன்சிப் சோதினை பாஸ் பண்ணிட்டாய். சத்தியப்பிரமாணக் கடிதம் இண்டைக்கோ நாளைக்கோ எண்டு நிக்குது. இந்த நேரம் பாத்துத் தாடியோடை, காட்டுக்கை, துவக்கோடை நிண்டு படம் எடுக்கப் போறாய். அதை ஆராவது இமிக்கிறேசனுக்கு அனுப்பினா?"

"ஆர் மச்சான் அனுப்பப் போறது?"

"எங்கடை ஆக்களுக்கை அதுக்கு ஆள் பஞ்சமே? பங்கிலை எலும்பு கூட விழுந்தவன் அனுப்புவான்."

குசினி வாசலில் வசந்தி நின்றாள். திரும்பி அறைக்குள் போனாள்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே அடுக்கி வைத்த பெட்டி ஒன்று இருந்தது. அறை அலுமாரிக்கு மேல், மண்ணிறப் பெட்டி. வசந்தியின் அப்பா ஊரைவிட்டுப் போய்த் திருச்சியில், ஒரு வாடகை அறையில் இருந்தார். அவரை இங்கே கூப்பிட எடுத்த முயற்சியெல்லாம் பிழைத்துப்போனது. நாங்கள் போவதற்குக் கனடாக் கடவுச்சீட்டு வேண்டும். விண்ணப்பம் போட்ட அன்றே பெட்டி வாங்கினாள். மலிவு விற்பனையில் காண்கிற சேட்டு, பெனியன், காதுக்குளிருக்குத் தொப்பி என்று போட்டு மூடுவாள். திருச்சியில் காதுக்குளிர் ஏது என்று நான் கேட்டதில்லை.

கடிதம் வராவிட்டால் அந்தப் பெட்டி இறங்காது. கஸ்தோனின் துவக்கின் எடை எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பின்வாங்கும் வித்தை

வரமாட்டேன் என்று ரெஜானிடம் சொல்லியிருக்கலாம். மூன்று முறை சொல்லப் போனேன். முதல்முறை அவன் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், குழப்ப மனம் வரவில்லை. இரண்டாம் முறை பழைய வேட்டை உடுப்பு ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தான். மூன்றாம் முறை, "நீ வராவிட்டால் நாங்கள் செத்தோம்" என்றான். குறிபார்த்துச் சுடுகிறவன் இல்லாவிட்டால் கரடி இவர்களை விழுங்கிவிடும் என்று விளங்கிக்கொண்டேன். அதைவிட, எட்டு வீட்டுப் பங்கு.

ஆகவே போவது, ஆனால் துவக்கைத் தொடாமல் வருவது என்று முடிவெடுத்தேன். அதன் பிறகு நான் அடுக்கிய சாமானெல்லாம் அந்த ஒரு நோக்கத்துக்குத்தான்.

கையுறை மூன்று சோடி. குளிருக்கல்ல. தற்செயலாகத் தொட்டாலும் கைரேகை படக்கூடாது. படம் எடுத்தால் முகம் தெரியாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி. பிறகு, கறுப்புக் கண்ணாடியோடு துவக்குக்குப் பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்தால் இன்னும் மோசம் என்று அதை வெளியே எடுத்தேன். தாடியை வழித்தேன். வழித்த முகத்தைப் பார்த்த மச்சான், "இப்ப விண்ணப்பத்திலை இருக்கிற படத்துக்கும் உனக்கும் சம்பந்தமில்லை" என்றான். மீசையைத் திரும்ப விட்டேன்.

கடைசியாகத்தான் கைக்கட்டு யோசனை வந்தது. சுளுக்கிய கையிடம் ஆரும் துவக்கை நீட்டமாட்டார்கள்.

பல்கனியில் ஒரு உடுப்பு

ரெஜான் தந்த பையில் ஒரு செம்மஞ்சள் அங்கியும், அதற்குள்ளே போட ஒரு தடித்த மேற்சட்டையும் இருந்தன. வாசமில்லாத சவர்க்காரத்தில் தோய்க்கவேண்டும், மூஸுக்கு மூக்கு அப்படி என்று சொல்லியிருந்தான். நான் தோய்த்துப் பல்கனிக் கொடியில் போட்டேன். மேற்சட்டை பச்சையும் மண்ணிறமும் கறுப்பும் கலந்த திட்டுத் திட்டான, ஊரில் ஆமிக்காரர் போடுகிற மாதிரித் துணி. ஈரத்தில் நிறம் இன்னும் கடுமையாக இருந்தது.

வசந்தி வேலையால் வந்தவள் பல்கனிக் கதவடியில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அதை உள்ளுக்கை கொண்டு வராதையுங்கோ."

"காஞ்சாப் பிறகு..."

"காஞ்சாப் பிறகும்."

நான் எட்டிப் பார்த்தேன். காற்றுக்கு அது கையை வீசிக்கொண்டு நின்றது. எதிர்வீட்டு ஜன்னலில் அந்தோனிப்பிள்ளை அண்ணையின் திரைச்சீலை, பட்டப்பகலில், இழுத்து மூடியிருந்தது.

பின்னேரம் அவரே சிரித்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, தேத்தண்ணியோடை ஜன்னலடிக்கு வந்தன். கண்டன். பேந்து பாத்தா நான் கட்டிலுக்குக் கீழை. கப் மட்டும் மேசையிலை. எப்பிடிப் போனனான் எண்டு எனக்கே தெரியாது."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

"இல்லையில்லை. இந்த முழங்கால் இன்னும் மடியுது எண்டு தெரிஞ்சது நல்லதுதானே."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் மேற்சட்டையைக் கறுப்புக் குப்பைப் பைக்குள் சுற்றி, வானுக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

ஆயுதபூசை

அந்த வருசம் வேட்டைக்குப் போவதற்கு முதல் நாள் ஆயுதபூசை. வசந்தி சாமியறையில் பிள்ளைகளின் புத்தகம், தன் தையல் மெசின், என் திருப்புளி, குசினிக் கத்தி எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனம் வைத்தாள். மச்சான் அவலும் கடலையும் வாய் நிறைய வைத்துக்கொண்டு, "துவக்கு இருந்தா அதுக்கும் ஒரு பொட்டு வைச்சிருக்கலாம்" என்றான். வசந்தி தட்டை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டாள்.

பூசை முடிந்ததும், நான் கைக்கட்டோடு குந்தியிருக்க, அவள் தன் பாட்டுக்கு இன்னொரு பெட்டி அடுக்கினாள். வறுத்த மிளகாய்த்தூள், மைசூர்ப் பருப்பு, அரிசி, சின்ன வெங்காயம், உள்ளி, புளி, கறிவேப்பிலை, உறையவைத்த ரோல். கடைசியில் சந்தனப் பொட்டோடு அந்தக் கத்தி.

"நான் வேட்டைக்குப் போறன், வசந்தி. கலியாண வீட்டுக்கு இல்லை."

"வெறுங்கையோடை ஒருத்தரிட்டைப் போறதே? நீங்கள் சுடாட்டிலும் அதுகள் சாப்பிடட்டும்."

வெளிக்கிடும்போது வாசலில் நின்று கையைப் பிடித்தாள். கட்டுப்போட்ட கையை.

"தொடமாட்டியள்தானே?"

"தொடமாட்டன்."

அவள் கண் ஒருமுறை அலுமாரிப் பக்கம் போய் வந்தது.

லொங்குய் வாசலில்

ரெஜானின் வீட்டு முற்றத்தில் புல்லெல்லாம் வெள்ளைப் பனிப் பொருக்கு. பிக்கப் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு கூட்டாளிகளும் கோப்பியும் கையுமாக நின்றார்கள். "போன்ஜூர்" என்று சொல்லி, என் வலது கையை மேற்சட்டைக்கு வெளியே எடுத்து, எல்லாருக்கும் தெரியும்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

ரெஜான் கண்டான். கண்டதும் அவன் முகம் விழுந்த விழுகை இருக்கிறதே, என் தகப்பன் செத்தபோதுகூட அவ்வளவு கவலையோடு ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

"எந்தக் கை அது?"

"வலது."

"நீ வலக்கைக்காரன்."

"ஓம்" என்று தமிழிலேயே சொன்னேன். பயத்தில் பிரெஞ்சு வரவில்லை.

அவன் மற்றவர்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.

"அப்ப ஆர் வெங்காயம் உரிக்கிறது?" என்றான் ரெஜான்.

எனக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னான். வெங்காயம். சமையல்.

"அப்ப துவக்கு?" என்றேன்.

"உனக்கு வேட்டை அனுமதிப் பத்திரம் இருக்கா?"

"இல்லை."

"பிறகென்ன துவக்கு? தொடக்கூட விடமாட்டேன். சட்டம்."

"கஸ்தோன்...?"

"கஸ்தோனா? அவனுக்குத் துவக்குச் சத்தமே ஆகாது. அவன் எங்கள் குசினிக்காரன். வருசா வருசம் அவித்த போஞ்சி விதை. காலையில் போஞ்சி விதை, இரவில் போஞ்சி விதை. அவன் முழங்கால் மடங்கமாட்டேன் என்றதும் நாங்கள் மூன்று பேரும் மெழுகுதிரி கொளுத்தினோம்."

பிறகு குனிந்து என் மேற்சட்டையை மோந்து பார்த்தான். வானுக்குள், வசந்தியின் தூள் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, இறங்கும்போது நான் மாட்டிக்கொண்ட மேற்சட்டை.

"நல்லது" என்றான். "நீ கபினுக்குள்ளேயே இரு."

நான் அந்த முற்றத்திலேயே கட்டை அவிழ்த்தேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினேன். மூன்று பெரிய ஆண்கள் கைதட்டினார்கள். குளிருக்குச் சுகமாகிவிட்டது என்றேன். ஒருவரும் மேலே விசாரிக்கவில்லை. பசித்தவர்கள் விசாரிக்கமாட்டார்கள்.

நடந்தது

நடந்தது இவ்வளவுதான்.

அந்தக் கிழமை நான் கபினிலிருந்து மலசலகூடத்துக்கு அப்பால் போகவில்லை. ரெஜான் ஒரு மூஸைச் சுட்டான். வெடிச்சத்தம் தூரத்தில் கேட்டபோது நான் மேசைக்குக் கீழே இருந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கும் தெரியாது. பருப்பு அடிப்பிடித்தது.

இறைச்சியை அவர்கள் நாலு சம பங்காகப் போட்டார்கள். சுட்டவனுக்கும் ஒன்று, சமைத்தவனுக்கும் ஒன்று. என் பங்கு மட்டும் வானின் பின்பக்கத்தை நிறைத்தது. தீபாவளிக்கு எட்டு வீட்டுக்கும் கொடுத்து மிஞ்சியது. மச்சானுக்கு ஈரல் கிடைத்தது. அந்தோனிப்பிள்ளை அண்ணையின் பானைக்குள் தலை அடங்காததால் எலும்பு கொடுத்தேன். தன் கூறு சின்னது என்று ஒருவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

கடிதம் பனிக்காலத்தில் வந்தது. துவக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சத்தியப்பிரமாணத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் வலது கையை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினேன். பெருவிரலில், வெங்காயம் வெட்டும்போது சந்தனப் பொட்டுக் கத்தி பட்ட தழும்பு இருந்தது.

பங்குனியில் வசந்தி அலுமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டு திருச்சிக்குப் போய் அப்பாவைப் பார்த்தாள்.